பக்கத்து சீட்டு பிரேக்

"வண்டி ஏன் நின்னது?"

ஸ்டீயரிங்கை விடாமல் கழுத்தை மட்டும் திருப்பி, சித்தி என்னிடம் இப்படிக் கேட்டாள். நான் காரின் பின் சீட்டில் இருந்தேன். அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்திருந்தேன். பள்ளி முடித்தவர்களிடம் ஊர் உலகம் கேட்கிற கேள்விகள் எதற்கும் என்னிடம் பதில் கிடையாது. அடுத்து என்ன படிக்கப் போகிறாய், என்ன ஆகப் போகிறாய், காலையில் ஏன் இவ்வளவு நேரம் தூங்குகிறாய் என்று யார் கேட்டாலும் "பாக்கலாம்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். சித்தி கேட்ட கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். தெரிந்ததால்தான் சொல்ல முடியவில்லை.

வண்டியை நிறுத்தியது என் அம்மா.

அம்மா ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறாள். பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டின் கீழும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டப் பழகுகிறவர் பதறிப்போய் எதையாவது செய்தால் அம்மா தன் காலால் வண்டியை நிறுத்திவிடுவாள். அம்மாவின் வலது கால் அம்மாவைவிடப் புத்திசாலி என்று அப்பா சொல்வார். கண் பார்த்து, மூளை யோசித்து, அதன் பிறகு மிதிப்பதெல்லாம் அதற்குக் கிடையாது. அதுவே பார்க்கும், அதுவே மிதிக்கும். கஷ்டம் என்னவென்றால், வீட்டுக்கு வந்த பிறகும் வேலை முடிந்துவிட்டது அந்தக் காலுக்குத் தெரியாது. பேருந்தில் முன் சீட்டின் அடிக்கம்பியை மிதிக்கும். டிவியில் கார்கள் துரத்திக்கொண்டு ஓடினால் தரையை மிதிக்கும். எங்கள் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் விரிப்பு முழுக்கப் பூ வேலைப்பாடு. அம்மா உட்காரும் பக்கம் மட்டும் பூக்கள் உதிர்ந்துபோயிருக்கும். ஒருமுறை அப்பா பேச்சு சுவாரஸ்யத்தில் கண்ணாடி டம்ளரை மேசை விளிம்புக்குத் தள்ளிவிட்டார். அம்மா மேசைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தாள். டம்ளரும் உடைந்தது, அப்பாவும் இரண்டு நாள் நொண்டினார்.

பழக வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் டீச்சர்.

பிரேக் டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் தேர்வுக்குத் தயார் என்று தோன்றினால், கடைசி வகுப்பில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். இனி பக்கத்தில் பிரேக் கிடையாது, வண்டி உன் பாடு என்று அர்த்தம். அவளிடம் பழகுகிறவர்கள் கடைத்தெருவில் சந்தித்துக்கொண்டால் தேர்வு எப்போது என்று கேட்பதில்லை. "சம்மணம் ஆச்சா?" என்றுதான் கேட்பார்கள். ஆனவர்களின் நடையே மாறிவிடும். ஒரு முடிதிருத்துநர் மட்டும், டீச்சர் தயவுசெய்து காலைக் கீழே வையுங்கள், உங்கள் குடும்பத்துக்கே ஆயுசுக்கும் இலவசமாக முடி வெட்டுகிறேன் என்று கெஞ்சினாராம். அம்மா வைக்கவில்லை. அவர் முதல் தடவையிலேயே தேறிவிட்டார். எங்கள் குடும்பம் இன்றுவரை காசு கொடுத்துத்தான் முடி வெட்டிக்கொள்கிறது.

இப்போது சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. டிவியில் மாலைச் செய்தி வாசிக்கிறவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் பார்த்தால்தான் சாப்பாடு இறங்கும். வகுப்புக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். கியரை மாற்றிக்கொண்டே, "டீச்சர், நீங்க அந்தச் செய்தி வாசிக்கறவங்களோட அக்காவா?" என்பார்.

"இல்ல. அவதான் என் தங்கச்சி" என்பாள் அம்மா.

யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அம்மாவுக்கு மட்டும் இரண்டும் ஒன்றில்லை.

செய்தி நேரத்தில் எங்கள் வீட்டில் டிவி ஓடும், சத்தம் மட்டும் இருக்காது. நாட்டு நடப்பு தெரிந்து எனக்கு என்ன ஆகப் போகிறது என்பாள் அம்மா. பிறகு எதற்குப் பார்க்கிறாய் என்று நான் கேட்டால், முகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாளாம். அந்தச் சத்தமில்லாத தங்கையைக் குறை சொல்லிக்கொண்டே அரை மணி நேரமும் உட்கார்ந்திருப்பாள். பவுடர் அதிகம். கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டுகிறாள். அந்தத் தோடு என்னுடையது, ஒரு நாளைக்கென்று வாங்கிப்போனவள் திருப்பித் தரவில்லை. அப்பா ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவர். எது சூடாகிறது, எங்கே ஒழுகுகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த அரை மணி நேரமும் அவர் வாயைத் திறக்க மாட்டார்.

இதெல்லாம் வீட்டுக்குள் இருந்தவரை யாருக்கும் கேடில்லை. போன வருடம் அந்தச் சேனல்காரர்கள் பெரிய ரவுண்டானாவின் நடுவில் சித்தியின் படத்தை மூன்று மாடி உயரத்துக்கு வைத்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு, லேசாகச் சிரித்துக்கொண்டு, வருகிற வண்டிகளையெல்லாம் பார்த்தபடி நின்றாள். அம்மா தினமும் பாடம் நடத்துவது அந்த வழியில்தான். மறுநாளிலிருந்து வழியை மாற்றிவிட்டாள். சாலையைத் தோண்டுகிறார்கள், தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று பள்ளி முதலாளியிடம் சொன்னாள். யாரும் எதையும் தோண்டவில்லை.

விளைவு, அதன் பிறகு அம்மாவிடம் பழகியவர்கள் ஒருவருமே ரவுண்டானாவைச் சுற்றியதில்லை. சந்துகளில் பின்னால் எடுப்பதில் புலிகள், மேட்டில் வண்டியை நிறுத்தி எடுப்பதில் சிங்கங்கள். தேர்வு அதிகாரி ரவுண்டானாவுக்குக் கூட்டிப்போனதும், வழிதவறிய ஆட்டுக்குட்டி மாதிரி நின்றுவிட்டார்கள். வரிசையாகத் தோற்றார்கள். பிரேக் டீச்சரிடம் சம்மணம் ஆனவர்கள் தோற்பதா என்று முதலாளி தலையைப் பிய்த்துக்கொண்டார். அம்மா மட்டும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வட்டமாக யோசிக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் சித்தி வீட்டுக்கு வந்தாள். அலுவலக வண்டி அவளை இறக்கிவிட்டுப் போனது. நேராகச் சமையலறைக்குப் போய், அம்மா பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வேறு ஒரு பள்ளியில் பழகி இரண்டு தடவை தேர்வில் தோற்றுவிட்டதாகச் சொன்னாள். அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாதாம்.

"எங்க போனாலும் ஒரு டிரைவர் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றார் அக்கா. கடலைப் பாக்கணும்னாகூட ஆபீஸ்ல சொல்லணும். ஒரு நாளாவது நானா ஒரு இடத்துக்குப் போகணும். நீ கத்துக்குடு."

அம்மா கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். பிறகு, "கிளட்ச் எது பிரேக் எதுன்னாவது தெரியுமாடி?" என்று கேட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த வாரம் அம்மாவுக்கு வழக்கமான முட்டிவலிகூட இல்லை. காலையில் பாட்டு முணுமுணுத்தாள். சித்திக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருந்தது. அது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கும் அதே நேரத்தில் வகுப்பு. ஒரு காரில் இரண்டு பேரைக் கூட்டிப்போய், ஒருவர் ஓட்டும்போது மற்றவரைப் பின்னால் உட்கார வைப்பது பள்ளியின் வழக்கம். அதனால் எல்லாவற்றையும் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

முதல் சில வகுப்புகள் கொண்டாட்டமாக இருந்தன. சித்தி தப்பு செய்வாள், அம்மா திருத்துவாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். கண்ணாடியில் முகம் பார்க்காதே, பின்னால் வருகிற லாரியைப் பார் என்பாள் அம்மா. வினை எங்கே வந்தது என்றால், சித்தி சீக்கிரம் கற்றுக்கொண்டாள். கிளட்சை விடுகிற பக்குவம் கைவந்துவிட்டது, இல்லை, கால்வந்துவிட்டது. கியர் மாறுவது தெரியாமல் மாறியது. நான் இன்னும் வண்டியைத் தவளை மாதிரித் தாவவிட்டுக்கொண்டிருந்தேன். சித்தி எண்ணெய் ஊற்றியது போலப் போனாள். அம்மாவின் சிரிப்பு குறைந்தது. அப்போதுதான் வண்டி நிற்க ஆரம்பித்தது.

முன்னால் யாரும் இல்லாத, நாய்கூடக் குறுக்கே வராத நல்ல அகலமான தெருவில் திடீரென்று ஒரு உலுக்கல். இன்ஜின் அணைந்துவிடும். நான் இரண்டு சீட்டுக்கும் நடுவில் எட்டிப் பார்க்கிற ஆள் என்பதால், பக்கத்து பிரேக்கின் மேல் அம்மாவின் வலது கால் இருந்ததைப் பார்த்தேன்.

"அக்கா, நீ மிதிச்சியா?"

"நான் ஏன் மிதிக்கறேன்? நீதான் கிளட்சைச் சட்டுன்னு விட்டுட்ட."

சித்தி என் பக்கம் திரும்பிக் கேட்டாள், வண்டி ஏன் நின்றது என்று. பயிற்சிக் காரில் ஆசிரியருக்கென்று தனியாக ஒரு கண்ணாடி உண்டு. அதில் அம்மாவின் கண்கள் தெரிந்தன. சித்தியின் கண்கள் நேராகவே என்னைப் பார்த்தன. எனக்குப் பசிக்கிறது என்று சொன்னேன்.

அன்றைக்கு வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் நேராகவே கேட்டேன். அவள் ஒரு தலையணை உறையை மடித்தாள், உதறினாள், மறுபடி மடித்தாள்.

"நான் மிதிக்கலடி. கால்தான் மிதிச்சுது."

"கால் உன்னோடதுதானேம்மா."

உறையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "படிப்புல முன்னாடி போனா. வேலைல முன்னாடி போனா. கார்ல மட்டுமாவது என் பக்கத்துல இருக்கட்டுமேன்னு இருக்கு. இதுவும் வந்துட்டா அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு, சொல்லு."

எனக்கு வீட்டில் ஒரு தம்பி இருக்கிறான். எந்தப் போட்டிக்குப் போனாலும் கோப்பை இல்லாமல் திரும்பாதவன். அதனால் அம்மாவுக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. துணி மடிக்க மட்டும் உதவினேன்.

அம்மா சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலை அடக்கப் பல வழிகளில் முயன்றாள். இறுக்கமான புதுச் செருப்பு போட்டுப் பார்த்தாள், கால் செருப்பை உதறிவிட்டு மிதித்தது. கைப்பையைக் கால்களுக்கு நடுவில் வைத்தாள், பை நசுங்கி உள்ளே இருந்த சீப்பு உடைந்தது. இடது காலால் வலது காலை அமுக்கிப் பிடித்தாள், இரண்டும் சேர்ந்து மிதித்தன. தெருவில் நிற்பதும் கிளம்புவதுமாக மூவரும் கோழி மாதிரித் தலையாட்டிக்கொண்டு போனோம்.

சித்தி ஒவ்வொரு தடவையும் தன் மேல்தான் தப்பு என்று நினைத்தாள். எப்போது சம்மணம் போடுவாய் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். தேர்வுத் தேதி நெருங்கியது. அம்மா, இன்னும் கொஞ்சம் பழகட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வகுப்பு முடிந்து இறங்கும்போது சித்தி சாவியை அம்மா கையில் வைத்துவிட்டு, "எனக்கு வராது போல இருக்கு. விட்டுடலாம் அக்கா. உன் நேரத்தையும் கெடுக்கறேன்" என்றாள். அம்மா சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று மாலையும் வழக்கம்போலச் சத்தமில்லாமல் செய்தி ஓடியது. அம்மா பவுடரைப் பற்றி ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். சோபா நுனிக்கு வந்தாள்.

"காதைத் தொடறா பாரு" என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சித்தி எப்போதும்போல அழகாக வாசித்துக்கொண்டிருந்தாள். செய்திக்குச் செய்தி இடைவெளியில் ஒரு விரல் காது மடலைத் தொட்டு இறங்கியது, அவ்வளவுதான். சின்ன வயதில் கணக்கில் மதிப்பெண் குறைந்த அன்று, பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் நின்றுகொண்டு காதை இப்படித்தான் தடவுவாளாம். இவ்வளவு காலமும் சத்தத்தை நிறுத்திவிட்டு முகத்தையே பார்த்துக் குறை தேடியதால், சித்தியின் முகத்தை அம்மா அளவுக்குத் தெரிந்தவர் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

"அழுதுட்டு வந்து உக்காந்திருக்கா" என்றாள் அம்மா. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். அப்பா தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டு டிவியில் முதல்முறையாகச் சித்தியின் குரல் கேட்டது. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், ஒரு குறையும் சொல்லவில்லை. வானிலை முடிந்ததும் போனை எடுத்து, நாளைக் காலை வகுப்பு உண்டு, மறக்காமல் வா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் சித்தி சுரத்தே இல்லாமல் வந்து ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தாள். அம்மா கதவைச் சாத்தினாள், பெல்ட் போட்டாள், செருப்பைக் கழற்றினாள். ஒரு காலை மடக்கினாள். பிறகு இன்னொரு காலையும் தூக்கி மடக்கிச் சம்மணம் போட்டாள்.

சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, காலைக் கீழ வை."

"மாட்டேன். வண்டிய எடு."

பெரிய தெரு வந்ததும் வலது பக்கம் திரும்பச் சொன்னாள். வலது பக்கம் போனால் ரவுண்டானா. நான் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தூரத்திலேயே சித்தி மூன்று மாடி உயரத்தில் கையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரவுண்டானாவுக்குள் நுழைந்தோம். எல்லாப் பக்கமும் வண்டிகள். வெளியே போக வேண்டிய வழி வந்தது, சித்தி பயந்துபோய் அதை விட்டுவிட்டாள். மறுபடி சுற்றினோம். மறுபடி விட்டாள். அம்மா இரண்டு கைகளாலும் தன் கால் கட்டைவிரல்களை இறுக்கிப் பிடித்திருந்தாள். வலது கட்டைவிரல் அவள் பிடிக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

"இவ்வளவு நாளும் வண்டியை நிறுத்தினது நான்தான்" என்றாள் அம்மா, ரோட்டைப் பார்த்தபடியே.

"என்னது?"

"நீ நல்லாத்தான் ஓட்டின. நான்தான் மிதிச்சேன். நீ நல்லா ஓட்டினதாலதான் மிதிச்சேன்."

சித்தி திட்ட ஆரம்பித்தாள். செய்தி வாசிக்கிறவள் என்பதால் மூச்சு விடாமல் திட்ட வந்தது. சைக்கிள் பழகியபோதும் இதேதானே செய்தாய், விடுகிறேன் விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாய், விடவே இல்லை, கடைசியில் பக்கத்து வீட்டு மாமாவிடம்தான் பழகினேன் என்று முப்பது வருடக் கணக்கைத் திறந்தாள். தூங்காமல் கிடந்ததைச் சொன்னாள். மேக்கப் போடும் பெண்ணிடம் கண்ணில் தூசி என்று பொய் சொன்னதைச் சொன்னாள். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், கியரைக் குறைத்தாள், ஒரு பேருந்துக்கு வழிவிட்டாள். கோபத்தில் பயப்பட மறந்துவிட்டாள்.

"திட்டு. ஆனா இடது பக்கம் பாத்துட்டுத் திட்டு" என்றாள் அம்மா.

"பாத்துட்டேன். உனக்கு வெக்கமா இல்லையா அக்கா?"

"இருக்கு. உன் மூஞ்சியச் சுத்தினது போதும், அந்த வழியில வெளிய போ."

சித்தி வெளியே போனாள். அழகாகப் போனாள். கொஞ்ச தூரத்தில் சிரிக்க ஆரம்பித்தாள். திட்டுக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு இடம் இருக்குமே, அதில் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினாள். அந்தத் தெருவின் முடிவில் கடல் இருக்கிறது. அங்கே போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கைப்பிடிச் சுவரை ஒட்டி, ஓரக்கல்லில் உரசாமல், ஒரு உலுக்கல்கூட இல்லாமல் நிறுத்தி என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப சொல்லு. வண்டி ஏன் நின்னது?"

"நீங்க நிறுத்தினீங்க சித்தி."

அம்மா காலைக் கீழே வைக்க முயன்றாள், முடியவில்லை. இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. சித்தி இறங்கிச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் பிடித்துத் தரையில் வைத்தாள். வலது காலை மட்டும் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள். அம்மா "ஆ" என்றாள்.

தேர்வில் சித்தி அந்தத் தடவையும் தோற்றாள். பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் லேசாகத் தட்டிவிட்டாள். "இது நானே பண்ணினது அக்கா" என்று போனில் சொன்னபோது கோப்பை வாங்கியதுபோல இருந்தது குரல். அடுத்த தடவை தேறிவிட்டாள். நான் இன்னும் தேறவில்லை, அது வேறு கதை.

அம்மா திருந்திவிட்டாள் என்று நான் எழுதினால் பொய்யாகிவிடும். டிவியில் இப்போது சத்தம் வருகிறது, ஆனால் பவுடரைப் பற்றியும் கழுத்தைப் பற்றியும் சத்தத்துக்கு மேலே பேசுகிறாள். தோடு இன்னும் திரும்பி வரவில்லை. விடுமுறை நாளில் சித்தி தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் ஹாரன் அடிப்பாள். அம்மா அலுத்துக்கொண்டே போய்ப் பக்கத்து சீட்டில் உட்காருவாள். அந்தக் காரில் பக்கத்து பிரேக் கிடையாது. அம்மாவின் கால் வழக்கம்போல மிதிக்கும். அதற்கென்றே சித்தி அங்கே ஒரு தடிமனான கால்விரிப்பு வாங்கிப் போட்டிருக்கிறாள். வண்டி அது பாட்டுக்குப் போகும்.

ரவுண்டானாவில் இப்போது சித்தி இல்லை, ஒரு சோப்பு இருக்கிறது. அம்மாவிடம் பழகுகிறவர்கள் அதைச் சுற்றோ சுற்று என்று சுற்றுகிறார்கள். தங்கச்சி இருந்தபோது அடையாளம் சொல்ல வசதியாக இருந்தது என்று அம்மா குறைப்பட்டுக்கொள்கிறாள்.

இதை எழுதி முடித்து அவளிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்தாள். "கால் புத்திசாலின்னு எழுதினது சரி. ரவுண்டானா சமாச்சாரத்தை ஏன் எழுதின?" என்றாள். அதை எடுத்துவிட்டால் கதையே இல்லை என்றேன். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆகவே இதைப் படித்துவிட்டு உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், தங்கச்சியிடம் சொல்லுங்கள், கோப்பையோடு வருகிற தம்பி இருந்தால் அவனிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். ஓட்டுநர் பள்ளி நடத்துகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் மட்டும், சாலை தோண்டுகிற தூசியைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.